வாசற்படியில் நிற்கும் பிள்ளை: பாலிக் வயதும் சட்ட வயதும்



நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், மஃக்ரிபுக்குப் பிந்தைய வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகும் ஒரு மாணவன் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். பதினாறு வயது. "ஹஜ்ரத், 18 வயசு ஆகுறதுக்கு முன்னாடி வீட்டை விட்டுத் தனியாப் போக சட்டத்துல இடம் இருக்கா?" என்று கேட்டான். அமெரிக்காவில் பிள்ளைகள் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்துப் பெற்றோரின் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று கைப்பேசியில் பார்த்திருக்கிறான். நாம் அவனிடம் காரணம் கேட்கவில்லை. பெற்றோருக்குப் பணிதல் குறித்துக் கால் மணி நேரம் நஸீஹத் செய்து அனுப்பிவைத்தோம். அவனுடைய அத்தா மவ்த்தாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரியத்தாவின் வீட்டில் வளர்ந்தான். நாம் பெற்றோர் என்று யாரைச் சொன்னோம் என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. மறுவாரம் அவன் வகுப்புக்கு வரவில்லை.

அவன் கேட்ட கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. பிறகு தேடிப் படித்ததையே இங்கே எழுதுகிறோம்.

அவன் பார்த்தது பொய்யன்று. கலிஃபோர்னியா போன்ற அமெரிக்க மாநிலங்களில் அப்படியொரு வழி உண்டு. 14 வயது நிறைந்த பிள்ளை, பெற்றோரின் சம்மதத்தோடோ அவர்கள் தடுக்காத நிலையிலோ தனியே வாழ்ந்து, தன் வரவு செலவைத் தானே நிர்வகித்து வந்தால், நீதிமன்றம் அப்பிள்ளையைப் பெற்றோரின் பொறுப்பிலிருந்து விடுவித்து ஆணையிடலாம். இந்திய நாட்டுச் சட்டத்தில் அந்தக் கதவு இல்லை. ஆனால் கதவு இல்லை என்பதை, பிள்ளைக்குப் பேச வாயே இல்லை என்று நாம் புரிந்துகொண்டிருந்தோம். அந்தப் புரிதல் ஷரீஅத்திலிருந்து வந்ததா, சட்டத்திலிருந்து வந்ததா, அல்லது வெறும் ஊர்ப் பழக்கமா என்பதே நாம் பார்க்க வேண்டியிருந்தது.

நபித்துவத்திற்கு முந்தைய மக்காவிலிருந்து தொடங்கலாம். சிறு வயதில் கொள்ளையரால் பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர் ஸைத் பின் ஹாரிஸா (ரலி). பல ஆண்டுகள் கழித்து அவர் இருக்குமிடம் அறிந்து, அவருடைய தந்தையும் தந்தையின் சகோதரரும் மீட்புப் பணத்தோடு மக்காவுக்கு வந்தார்கள். பணம் வேண்டாம், அவரிடமே கேளுங்கள், உங்களோடு வர விரும்பினால் அழைத்துச் செல்லுங்கள் என்று நமது நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஸைத் அங்கேயே இருக்க விரும்பினார். பெற்ற தந்தை அந்த முடிவை ஏற்று, மனநிறைவோடு திரும்பிப் போனார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பயான்களில் இதை நாம் நபியின் நற்குணத்திற்குச் சான்றாகச் சொல்வோம். இளைஞனிடம் கேட்டார்கள் என்ற பகுதியை விரைவாகக் கடந்துவிடுவோம்.

மதீனாவில் இன்னொரு நிகழ்வு. அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் மகனைத் தம்மிடமிருந்து கொண்டுபோக விரும்புவதாகவும், அந்த மகனோ தமக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தரும் வயதில் உதவியாக இருப்பதாகவும் முறையிட்டார். சீட்டுக் குலுக்கிப் பாருங்கள் என்றார்கள் நபியவர்கள். என் மகன் விஷயத்தில் என்னோடு யார் போட்டியிடுவது என்றார் தகப்பன். அப்போது நபியவர்கள் சிறுவனை நோக்கி, இவர் உன் தந்தை, இவர் உன் தாய், விரும்பியவரின் கையைப் பிடித்துக்கொள் என்றார்கள். சிறுவன் தாயின் கையைப் பிடித்தான். அவர் அவனை அழைத்துக்கொண்டு போனார்.

இந்த ஹதீஸை ஷாஃபிஈ மத்ஹப் அப்படியே சட்டமாக எடுத்துக்கொண்டது. விவரம் தெரிந்த பிள்ளை, அதாவது ஏழு வயதை ஒட்டிய பிள்ளை, பிரிந்து வாழும் பெற்றோரில் யாரோடு இருப்பது என்று தானே தேர்ந்தெடுக்கும். ஹனஃபி இமாம்கள் அதை ஏற்கவில்லை. பிள்ளையிடம் விட்டால் யார் விளையாட விடுகிறாரோ அவரைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று ஹிதாயா காரணம் சொல்கிறது. (பிள்ளைகளோடு பழகியவர்கள் எவரும் இந்தக் காரணத்தைப் படித்துப் புன்னகைக்காமல் இருக்க முடியாது.) ஆகவே ஹனஃபி முறையில் ஆண்பிள்ளை ஏழு வயது வரை தாயிடம். அதன் பிறகு தந்தையிடம். தந்தை இல்லையெனில் தந்தை வழி ஆண் உறவினரிடம். காயல்பட்டினம், கீழக்கரைக் கடலோரத்தில் ஒரு தீர்ப்பும், உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் வேறொரு தீர்ப்பும் கிடைப்பது இதனால்தான்.

நம் ஊர் ஹனஃபி ஊர். அந்த மாணவனின் அத்தா இறந்தபோது அவனுக்குப் பத்து வயது. தாய் அவனைத் தம் பிறந்த ஊருக்கு அழைத்துப் போக விரும்பினார். பெரியத்தா வீட்டார் நம்மிடம் மஸ்அலா கேட்டார்கள். நாம் கிதாபைத் திறந்து, ஏழு வயது கடந்த ஆண்பிள்ளை தந்தை வழியாருக்கே என்று சொன்னோம். சொன்னது சரியான மஸ்அலாதான். ஆனால் அதே பாடத்தை ஹனஃபி நூல்கள் அத்தோடு முடிப்பதில்லை. பாலிக் ஆகி, அறிவுத் தெளிவு பெற்று, ஒழுக்கத்தில் நம்பத்தக்கவனாக இருக்கும் ஆண்பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள வற்புறுத்தும் உரிமை பெற்ற தகப்பனுக்கே இல்லை என்றும் அவை எழுதுகின்றன. பெண்பிள்ளைக்கு அந்தத் தளர்வு மிகக் குறைவு. ஷாஃபிஈ நூல்களும் பாலிக் ஆகிப் பக்குவம் பெற்றவர் தனித்து வாழலாம், ஆயினும் பெற்றோரைப் பிரியாமல் இருப்பதே விரும்பத்தக்கது என்கின்றன. நாம் ஒரு வரியைப் படித்து, அடுத்த வரியைப் படிக்காமல் கிதாபை மூடியிருக்கிறோம்.

சரி, பாலிக் என்பது எந்த வயது? உடலில் அடையாளங்கள் தோன்றினால் அதுவே அளவு. தோன்றாவிட்டால் 15 என்பது பெரும்பான்மை இமாம்களின் கருத்து. இதற்கு அடிப்படை இப்னு உமர் (ரலி) அவர்களின் அனுபவம். உஹுத் போருக்கு 14 வயதில் வந்து நின்ற அவரை நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அகழ்ப் போரின்போது 15 வயது, அனுமதித்தார்கள். பிற்காலத்தில் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் அவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டு, சிறுவருக்கும் பெரியவருக்கும் இடையிலான எல்லை இதுதான் என்று சொல்லித் தம் ஆளுநர்களுக்கும் எழுதினார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மட்டும் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்றார்கள். அவர்களுடைய மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் 15 என்றார்கள். ஃபத்வா மாணவர்களின் சொல்லின்படியே நின்றது. இவை சந்திர ஆண்டுக் கணக்கு. நம் நாட்காட்டியில் 15 ஆண்டு என்பது பதினான்கரை வயதுக்குச் சற்றுக் கூடுதல்.

ஆனால் தொழுகையும் நோன்பும் கடமையாகும் வயது வேறு, சொத்தைக் கையில் ஒப்படைக்கும் வயது வேறு. சூரா நிஸாவின் ஆறாம் வசனம் யத்தீம்களைப் பற்றிப் பேசுகிறது. திருமணப் பருவத்தை எட்டும் வரை அவர்களைச் சோதித்து வாருங்கள், பக்குவம் தென்பட்டால் அவர்களுடைய செல்வத்தை ஒப்படையுங்கள், அவர்கள் வளர்ந்துவிடுவார்களே என்று அவசர அவசரமாக உண்டு தீர்க்காதீர்கள் என்பது அதன் கருத்து. பருவம் ஒன்று, பக்குவம் மற்றொன்று. இரண்டும் சேர வேண்டும். அந்தப் பையனின் அத்தா விட்டுச் சென்ற இரண்டு கடைகளின் வாடகை யாரிடம் போய்க்கொண்டிருந்தது என்று ஆறு ஆண்டுகளில் ஜமாஅத்தில் ஒருவரும் கேட்டதில்லை. இந்த வசனத்தை அவனுக்கு ஓதிக் கொடுத்தவர் நாம்தான்.

18 என்ற எண் நம் வாழ்வில் நுழைந்தது ஆங்கிலேயர் காலத்தில். அதற்கு முன் முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தின்படியும், இந்துக்களுக்கு அவர்களுடைய சாஸ்திரத்தின்படியும், இங்கிருந்த ஐரோப்பியருக்கு 21 என்றும் ஆளுக்கொரு வயது இருந்தது. 1875-இல் வந்த இந்திய மேஜர் வயதுச் சட்டம் எல்லோருக்கும் 18 என்று ஒரே கோடு போட்டது. நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைக்கு மட்டும் 21 என்றது. அந்த 21, 1999-இல்தான் நீக்கப்பட்டது. திருமணம், மஹர், விவாகரத்து, தத்து ஆகிய நான்கையும் அச்சட்டம் தொடவில்லை. எனவே ஒரே பிள்ளை பள்ளிவாசலில் பெரியவர், பத்திரப் பதிவு அலுவலகத்தில் மைனர் என்ற நிலை 1875 முதல் தொடர்கிறது. மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903-இல் பிரிவி கவுன்சில், மொஹோரி பீபி வழக்கில் தீர்ப்பளித்தது. வீட்டை விட்டு வந்த பதினாறு வயதுப் பிள்ளை தன் பெயரில் ஓர் அறையை வாடகைக்குக்கூட எடுக்க முடியாது என்பதன் வேர் அங்கே இருக்கிறது.

அடுத்து வந்தது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட் என்று வக்கீல்கள் சொல்வார்கள். இது இன்றும் நடப்பில் உள்ளது. இதன் 25-ஆம் பிரிவு, காப்பாளரை விட்டுப் போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர நீதிமன்றம் ஆணையிடலாம் என்கிறது. பெரியவர்கள் இதை மட்டும் அறிவார்கள். ஆனால் அந்தப் பிரிவிலேயே, திரும்புவது பிள்ளையின் நலனுக்கு உகந்ததாக இருந்தால் என்ற நிபந்தனை இருக்கிறது. 17-ஆம் பிரிவோ, பிள்ளை தெளிவாகச் சிந்தித்துச் சொல்லும் வயதினனாக இருந்தால் அவன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. கொடுமை செய்யும் காப்பாளரையும், நம்பி ஒப்படைத்த பொருளைத் தவறாகக் கையாளும் காப்பாளரையும் 39-ஆம் பிரிவின்படி நீக்கலாம். ஷாஃபிஈ மத்ஹப் ஏழு வயதிலேயே கேட்ட கேள்வியை ஆங்கிலேயர் எழுதிய சட்டமும் ஓரமாகக் கேட்டு வைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்திய நீதிமன்றங்கள் ஏற்றுள்ள முஸ்லிம் சட்டத்தில் மைனரின் சொத்துக்குக் காப்பாளர் தந்தை, அவர் மரண சாசனத்தில் நியமித்தவர், தந்தையின் தந்தை, அவர் நியமித்தவர். இவர்கள் எவரும் இல்லையென்றால் நீதிமன்றம் நியமிப்பவர். பெரியத்தா, சிறியத்தா, அண்ணன் எவரும் இந்த வரிசையில் இல்லை. தாயும் இல்லை. ஆனால் தாய் நீதிமன்றத்தை அணுகி நியமனம் பெறலாம். பெரியத்தா தாமாகவே சொத்தைப் பார்த்துக்கொண்டால் அது வெறும் நடைமுறைப் பொறுப்பு. விற்கவோ அடகு வைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை.

இனி நம் மண்ணில் நடந்த ஒரு வழக்கு. 1960-இல் மதராஸில் ஒரு கல்லூரி மாணவி. 18 வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. அவர் ஓர் இளைஞரை விரும்புவதை அறிந்த தந்தை, அவரைக் கோடம்பாக்கத்தில் ஓர் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் அவர் தாமே வீட்டை விட்டு வெளியேறி, தாமே தொலைபேசியில் அந்த இளைஞரை அழைத்தார். இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமண ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டு ஊர் ஊராகச் சென்றார்கள். தந்தை புகார் கொடுத்தார். ஆள் கடத்தல் குற்றத்திற்காக இளைஞருக்கு ஓராண்டு சிறை. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வரதராஜன் எதிர் மதராஸ் மாநிலம் என்ற பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1964 செப்டம்பரில் அவர் விடுதலையானார். மைனரைக் கூட்டிச் செல்வது வேறு, தாமே விவரம் தெரிந்து வந்த ஒருவரைத் தம்மோடு வர அனுமதிப்பது வேறு என்று நீதிபதிகள் பிரித்துப் பார்த்தார்கள்.

இந்தத் தீர்ப்பைச் சிலர் 18-க்கு முன்னரே வெளியேறலாம் என்பதற்கு உரிமச் சீட்டாகக் காட்டுகிறார்கள். அது தவறு. கூடப் போனவர் குற்றவாளியா என்ற கேள்விக்கே நீதிமன்றம் விடை சொன்னது. மேலும் சட்டம் அங்கேயே நிற்கவில்லை. 1860-இல் ஆள் கடத்தல் பிரிவில் ஆண்பிள்ளைக்கு 14, பெண்பிள்ளைக்கு 16 என்றிருந்த வயது 1949-இல் 16, 18 என்று உயர்ந்தது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் இருபாலருக்கும் 18 ஆகிவிட்டது. 2012-இன் போக்சோ சட்டம் வந்த பிறகு 18-க்குக் கீழுள்ள பெண்பிள்ளை 'விரும்பித்தான் வந்தாள்' என்ற வாதம் அந்தச் சட்டத்தின்முன் நிற்காது. ஒரு காலத்தில் வீட்டை விட்டு வெளியேறப் பெண்பிள்ளைக்கு இருந்த ஒரே சாலை நிகாஹ்தான். 2006-இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தோடு அந்தச் சாலையும் அடைபட்டது. அடைபட்டது நல்லதே என்பது நம் கருத்து. ஒரு வீட்டின் கொடுமையிலிருந்து தப்பிக்க இன்னொரு வீட்டின் அடுப்படிக்குள் போன சிறுமிகள் பலரை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டார் கட்டாயமாக நிகாஹ் பேசினாலும், அந்தச் சட்டத்தின்படி நீதித்துறை நடுவர் தடையாணை பிறப்பிக்கலாம். அதை மீறி நடக்கும் திருமணம் செல்லாது. தந்தை தம் விருப்பத்திற்கு மாறாக மணமுடித்து வைத்ததாக முறையிட்ட கன்னிப் பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்கள் விருப்புரிமை அளித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.

அப்படியானால் இன்று பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்னதான் வழி? தனித்து வாழும் உரிமை என்று ஒன்று இல்லை. தீங்கான வீட்டிலிருந்து பாதுகாப்பான வேறொரு வீட்டுக்கு மாறும் வழி இருக்கிறது. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு குழந்தைகள் நலக் குழு உண்டு. வீட்டில் துன்புறுத்தப்படும் பிள்ளையையும், ஓடிப்போன பிள்ளையையும் அச்சட்டம் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையாகவே பார்க்கிறது. காவலரோ, ஆசிரியரோ, அக்கறையுள்ள எவரோ அழைத்துச் செல்லலாம். பிள்ளை தானாகவே போயும் குழுவின்முன் நிற்கலாம். 1098 என்ற இலவச எண்ணை இரவிலும் அழைக்கலாம். பொறுப்பில் இருப்பவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 75-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. பெற்ற தந்தை பராமரிக்க மறுத்தால் மைனர் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கோரும் உரிமையும் உண்டு. அது நம் ஃபிக்ஹில் நஃபகா என்ற பெயரில் முன்பே உள்ள கடமை.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. இரவில் ஒரு பிள்ளை பள்ளியில் வந்து படுத்துக்கொண்டால், இரக்கப்பட்டு நாள்கணக்கில் மறைத்து வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்திற்குள் 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதது குற்றம். அதேபோல், காதைப் பிடித்து அந்த வீட்டிலேயே கொண்டுபோய் விடுவதும் தீர்வன்று. அதைத்தான் நாம் செய்யப் போனோம்.

நம் மாணவன் ஒரு ரயில் நிலையத்தில் கிடைத்தான். குழந்தைகள் நலக் குழுவின்முன் அவனை நிறுத்தியபோது பெரியத்தாவோடு நாமும் சென்றிருந்தோம். பையன் நல்லவன், யாரோ கெடுத்துவிட்டார்கள், நாங்கள் பொறுப்பு என்று சொல்லி அழைத்துவருவதாக எண்ணம். பிளஸ் ஒன்னுக்குப் பிறகு அவன் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு, கடையில் காலை முதல் இரவு வரை நின்றிருக்கிறான் என்பதும், முதுகில் பெல்ட் தழும்பு இருந்தது என்பதும் அங்கேதான் நமக்குத் தெரிந்தன. அவன் அம்மாவும் தம் ஊரிலிருந்து மாமாவோடு வந்து ஓர் ஓரமாக நின்றிருந்தார். குழுவில் இருந்த ஓர் அம்மையார், முஸ்லிம் அல்லர், அவனை அருகே அழைத்து உட்காரவைத்து, "தம்பி, உங்க அம்மா அங்க நிக்கிறாங்க. உங்க பெரியப்பா இங்க இருக்காங்க. நீ யாரோட போகணும்னு நினைக்கிற?" என்று கேட்டார்.

அவன் எழுந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

நாம் தலையைக் குனிந்துகொண்டோம். அந்த ஹதீஸை எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கத் துணிவில்லை.

அம்மா அவனை விட்ட இடத்திலிருந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். மாமாவின் துணையோடு, 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் சொத்துக்கு மனுவும் போட்டார். அவர் கேட்காமலே நாம் ஒரு சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். அதனால் பெரியத்தா வீட்டார் இன்றும் நம் ஸலாமுக்குப் பதில் சொல்வதில்லை. வாடகைக் கணக்கு இன்னும் தீரவில்லை. அவனுக்கு இப்போது 20 வயது, பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு. பெருநாளைக்கு அத்தாவின் கப்ரு ஜியாரத்துக்காக ஊருக்கு வருகிறான். தொழுகை முடிந்ததும் வரிசையில் நின்று நமக்கு முஸாஃபஹா செய்கிறான். வகுப்பறைப் பக்கம் வருவதில்லை.